சதுரகிரி மலைவழி இடப்பெயர்களில் பயண அறிவு: மலைபடுகடாத்துடன் ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

விருதுநகர் மாவட்டம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் காட்டுவழியில் வழங்கும் இடப்பெயர்களைப் பக்தி மரபின் சான்றுகளாக மட்டுமே காணும் போக்கு உள்ளது. அப்பெயர்களுள் ஒரு பகுதி மலைநடைக்குரிய எச்சரிக்கைகளையும் வழிக்குறிப்புகளையும் தாங்கியுள்ளது என்பதையும், அவ்வறிவின் எல்லை எது என்பதையும் மலைபடுகடாத்துடன் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சதுரகிரி, தாணிப்பாறை, வ. புதுப்பட்டி, இடப்பெயராய்வு, மலைபடுகடாம், ஆற்றுப்படை.

முன்னுரை

வ. புதுப்பட்டி என்னும் ஊர்ப்பெயரின் முன்னெழுத்து வத்திராயிருப்பைக் குறிக்கும். புதுப்பட்டி என்னும் பெயருடைய ஊர்கள் பலவாதலின், வேறுபாடு தெரிய இம்முன்னெழுத்து வேண்டப்பட்டது. வழிப்போக்கன் தவறான ஊரைச் சென்றடையாதிருக்கப் பெயரிலேயே குறிப்பு வைக்கும் இவ்வழக்கம், இவ்வூருக்கு மேற்கே எழும் மலையின் வழியிலும் தொடர்கிறது.

சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோயில்கள் அமைந்த சதுரகிரி மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது. கோயில் மதுரை மாவட்டத்தின் சாப்டூர்ப் பகுதியில் அமைந்திருப்பினும், பெரும்பாலோர் ஏறும் வழி விருதுநகர் மாவட்டத் தாணிப்பாறையில் தொடங்குகிறது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்த இம்மலைத்தொடர், 2021இல் 1016.57 சதுர கிலோமீட்டர் பரப்புடைய திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஆகவே இம்மலையேற்றம் கோயில் வழிபாடாகவும் காட்டுப்பயணமாகவும் ஒருங்கே அமைகிறது.

பெயர்களின் வகைப்பாடு

மலையேறுவோர் சொல்லும் இடப்பெயர்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, நிலத்தின் தன்மையை உரைப்பன. வழுக்குப்பாறை என்னும் பெயர் கால் வைக்குமுன்னரே எச்சரிக்கிறது. சங்கிலிப்பாறை என்பது, சங்கிலியைப் பற்றி ஏறவேண்டியிருந்த இடம் என்று விளக்கப்படுகிறது. முன்னது இடரையும் பின்னது அதனைக் கடக்கும் வகையையும் பெயராக்கியுள்ளன.

இரண்டாவது, நீரைச் சுட்டுவன. மாங்கனி ஓடை என்பது வழியின் குறுக்கே நீரோட்டம் உண்டு என்பதையும், நாவல் ஊற்று என்பது குடிநீர் கிடைக்குமிடத்தையும் அறிவிக்கின்றன. நாவல் ஊற்றில் மரப்பெயர் அடையாளமாகி, ஊற்றைத் தேடிக் கண்டுகொள்ள உதவுகிறது.

மூன்றாவது, தெய்வங்களோடும் சித்தர்களோடும் இயைந்தன. கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் முதலியன இவ்வகையின. இவற்றுள்ளும் நிலக்குறிப்பு மறைந்துள்ளது. குகை என்பது ஒதுங்கிடத்தையும், ‘பிலாவடி’ என்பது பலாமரத்தின் அடியையும் குறிக்கின்றன. தொழுவதற்கு நிற்கும் இடமே இளைப்பாறும் இடமாகவும் பயன்படுகிறது.

மலைபடுகடாம் கூறும் வழி

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும். நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு மலைவழியின் இடர்களை நிரல்பட எடுத்துரைப்பது அந்நூலின் சிறப்பு. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் இடங்கள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகியன அவற்றுட் சில.

இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை இரு பகுதிகள். கான்யாற்றை ஒட்டிய வழியின் பக்கங்கள் வழுக்குமாதலால், கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்து, சிறுவர்களுடன் ஒருவரையொருவர் காத்துச் செல்லுமாறு ஒரு பகுதி கூறுகிறது. ஆழ்ந்த கயங்களின் அருகே பாசி அடிநிலையைத் தளர்த்தும் என்பதால், மூங்கிலையும் கொறுக்கையையும் பற்றிக் கடக்குமாறு மற்றொன்று அறிவுறுத்துகிறது. இடரும் அதனைக் கடக்கும் வகையும் இணைத்துச் சொல்லப்படும் இம்முறையே வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்னும் பெயர்களில் சுருங்கிக் காணப்படுகிறது.

வழி பிரியுமிடத்தில் புல்லை முடிந்து அடையாளமிடுமாறும் அந்நூல் கூறுகிறது. முன்னே சென்றவர் பின்வருவோர்க்கு விட்டுச்செல்லும் குறி அது. சதுரகிரியின் இடப்பெயர்களை அத்தகைய புல்முடிச்சுகளாகக் கருதலாம். இதனால் இப்பெயர்கள் சங்க காலத்தின் நேர்த்தொடர்ச்சி என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒத்த நிலத்தில் ஒத்த தேவை ஒத்த மொழியுத்தியைப் பிறப்பித்துள்ளது என்று கொள்வதே ஏற்புடையது.

பெயரின் எல்லை

பெயர், இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. மாங்கனி ஓடை கோடையில் காலடி நனையாமல் கடக்கத்தக்கதாக இருக்கலாம். மேல்மலையில் மழை பெய்தால் அதே ஓடை கடத்தற்கரியதாகும். கீழே வானம் வெளுத்திருப்பினும் மேலே பெய்த மழை சற்றுநேரத்தில் வெள்ளமாக இறங்கும். 2015 மே மாதத்தில் சதுரகிரியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தமை இதற்குத் துயரச் சான்று.

ஆற்றுப்படைக்கும் இடப்பெயருக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. ஆற்றுப்படையில் சொல்பவன் ஒருவன் உளன். அவன் அவ்வழியே சென்று மீண்டவன். பொழுது சாய்ந்தபின் நடவாது குகையில் தங்குமாறு கூறுதல் போல, எப்போது செல்லலாகாது என்பதையும் அவனால் உரைக்க முடிகிறது. இடப்பெயரோ, சொன்னவர் மறைந்தபின் எஞ்சிய சொல். அதற்குக் காலக்குறிப்பைச் சேர்க்கவல்லவர் அம்மலையோடு வாழ்பவர்கள்: தாணிப்பாறைப் பகுதியில் வாழும் பளியர், ஆண்டுதோறும் ஏறிப் பழகிய அடிவார ஊரார் ஆகியோர்.

ஆடி அமாவாசை போன்ற நாள்களில் பெருங்கூட்டமாக ஏறுவோர்க்கு முன்செல்பவரின் முதுகே வழிகாட்டியாகிவிடுகிறது. பெயரைக் கேட்டு நடையை மாற்றிக்கொள்ளும் தேவை குறைய, வழுக்குப்பாறையும் கடந்துவந்த இடங்களுள் ஒன்றாக மட்டுமே நினைவில் நிற்கிறது. பெயர் வழக்கிழக்கவில்லை, அதன் பயன் வழக்கிழக்கிறது.

முடிவுரை

சதுரகிரி மலைவழியின் இடப்பெயர்கள் நிலம், நீர், ஒதுங்கிடம் பற்றிய அறிவைச் சுருக்கித் தருவன. மலைபடுகடாம் விரித்துரைக்கும் வழிகாட்டலின் ஒரு கூறு அவற்றில் உள்ளது. காலம் பற்றிய கூறு அவற்றில் இல்லை. ஆகவே இப்பெயர்களைத் தொகுக்கும் ஆய்வாளர், தலவரலாற்றுக் கதையோடு நின்றுவிடாமல், “இவ்விடத்தை எப்போது கடக்கலாகாது?” என்னும் வினாவையும் பளியரிடமும் அடிவார ஊர் முதியோரிடமும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அவ்விடை சேர்ந்தால்தான் பெயர் மீண்டும் ஆற்றுப்படையாகும்.