நைட் ஷிப்டும் நாள் கணக்கும்

சென்னையை அடுத்த ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் தொழிற்சாலை வேலைக்கு வரும் பெண்களில் பலர் வெளிமாவட்டத்துக்காரர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஊர் விட்டு வந்து, ஷிப்ட் மாறும்போதெல்லாம் தூக்கத்தையும் மாற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு மாதவிடாய் நாள் தப்புவது உண்டு. ‘பீரியட்ஸே ஒழுங்கா வரல, கரு எங்க தங்கப்போகுது’ என்று சிலர் கருத்தடை இல்லாமலே இருக்கத் துணிந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு ஏங்குபவரிடமோ, ‘டென்ஷன் ஆகாம இரு, தானா தங்கும்’ என்கிறார்கள். முன்னது வேண்டாத கர்ப்பத்தில் கொண்டுபோய் விடும். பின்னது நொந்தவளையே குற்றவாளி ஆக்கும்.

மூளை தரும் உத்தரவு

மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அந்தத் தாளத்தைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பியும், அதைக் கேட்டு சினைப்பையும் இயங்குகின்றன. தீராத கவலை, அரைவயிற்றுச் சாப்பாடு, எடை இழப்பு ஆகியவை அந்தத் தாளத்தை மந்தப்படுத்தும். கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும், சில மாதம் நின்றும் போகலாம். மனக்கவலையானாலும் பட்டினியானாலும் மந்தமாவது அதே தாளம்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் இந்தப் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் 250க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயுற்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. நல்ல சோறும் நிம்மதியான தூக்கமும் கேட்பது கர்ப்பப்பைக்காகவும் கேட்பதுதான்.

மனக்கவலை கருத்தடை ஆகாது

கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே மாதவிடாய் வருகிறது. மூன்று மாதம் நின்றிருந்தாலும், அடுத்த உதிரப்போக்குக்கு முன்பே கரு தங்கிவிடலாம். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். சுழற்சி ஒழுங்காக இல்லாதவருக்கு நாள் எண்ணிப் பார்க்கும் முறை கொஞ்சமும் உதவாது. நாள் தள்ளினால் ‘ஷிப்ட்டால்தான்’ என்று விட்டுவிடாமல் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கருத்தடைக்கு, அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் இலவசம். சாயாவை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் போடவேண்டும்.

மனம் கருத்தடையில் தலையிடும் இடம் ஒன்று உண்டு. அந்தரா போட்டால் மாதவிடாய் சிந்திச் சிந்தி வரலாம், நின்றும்போகலாம். ‘ரத்தம் உள்ளே தேங்கி கர்ப்பப்பை கெட்டுடும்’ என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் தேங்குவதில்லை, கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்திருப்பதால் வெளியேற ஒன்றும் இருப்பதில்லை. நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதங்கள் ஆகும், அவ்வளவே. இதை முன்கூட்டியே விளக்கினால் ஊசியைத் தொடர்பவர்கள் கூடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விளக்காமல் ஊசி போடுவது பாதி வைத்தியம்தான்.

குழந்தை வேண்டுவோருக்கு

செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சை பெற்ற 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்கு முன் இருந்த மனவேதனை அந்தச் சுற்றின் வெற்றி தோல்வியைப் பாதிக்கவில்லை என்பது அதன் முடிவு. இயல்பாகக் கருத்தரிக்க முயன்றவர்களை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், எச்சிலில் மன அழுத்தக் குறியீடு ஒன்று அதிகமிருந்தவர்களுக்குத் தாமதம் தெரிந்தது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. ஆக, அழுததால் கரு தங்கவில்லை என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இந்தப் பகுதியில் இன்னொரு காரணத்தையும் கேட்கவேண்டும். கணவன் பகல் ஷிப்ட், மனைவி நைட் ஷிப்ட் என்றால் இருவரும் சேர்ந்திருக்கும் நாளே குறைவு. மாதத்தில் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஆறுதான்.

வேலை பயமும் உண்டு. மணமான பெண்களை இந்தப் பகுதியின் ஐபோன் ஆலைப் பணியில் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது; மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. இந்தப் பயத்தை மூச்சுப்பயிற்சி தீர்க்காது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு, அந்த விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தால் கொஞ்சம் தைரியம் வரும்.

ஓராண்டு முயன்றும், 35 வயதைக் கடந்தவர் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவரிடம் இருவருமாகப் போங்கள். கணவரின் விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வந்தாலும்கூட.