பொம்மைப் படம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழ் டப்பிங்கும் உண்டு. அதற்கு முன்பே ‘நருட்டோ’வும் ‘ஜுஜுட்சு கைசென்’னும் தமிழ் பேசத் தொடங்கிவிட்டன. நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் வேண்டுமானாலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெயர்களெல்லாம் மளமளவென்று வரும். பெற்றோரைக் கேட்டால், “ஏதோ கார்ட்டூன் பாக்குறான்” என்பார்கள்.

கார்ட்டூன் என்றாலே சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜப்பானில் அப்படியில்லை. 1992-இல் ஜப்பானியரும் நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ராமாயணப் படம் 2025 ஜனவரியில் தமிழிலும் திரைக்கு வந்தது. அதைப் பாட்டியோடும் பேரனோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அதே தொண்ணூறுகளில் வந்த ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ (1997) முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானது. ஒரு பெண்ணை ரசிகன் ஒருவன் பின்தொடர்ந்து துரத்துவதும், அவள் நடிக்கும் வன்புணர்ச்சிக் காட்சியும், கொலைகளும் அதில் உண்டு. இரண்டுமே கையால் வரைந்த படங்கள்தான்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? முதலில் தணிக்கைச் சான்றிதழ். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் பழைய யு/ஏ பிரிவை மூன்றாகப் பிரித்துவிட்டது: 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இந்த வயதுக் குறிகள் பெற்றோரின் பார்வைக்காக மட்டுமே வைக்கப்பட்டவை. 16+ குறி போட்ட படத்துக்கு உங்கள் 13 வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போனால் தியேட்டர்க்காரர் தடுக்க முடியாது. பெற்றோரையோ பாதுகாவலரையோ தவிர வேறு யாரும் இதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. முடிவெடுக்கும் உரிமையும் பொறுப்பும் முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன.

‘ஏ’ சான்றிதழ் அப்படியில்லை. 18 நிறையாதவரை உள்ளே விடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ‘கூலி’ படத்துக்கு ‘ஏ’ கிடைத்தபோது, யு/ஏ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் தொடுத்த வழக்கை 2025 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தப் படத்துக்குப் பிள்ளைகளோடு போய் வாசலில் வாக்குவாதம் செய்தவர்கள் உண்டு. பிள்ளையைத் திருப்பி அனுப்பிய தியேட்டர் சட்டப்படிதான் நடந்தது.

ஆனால் சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பினால் போதாது. ‘டீமன் ஸ்லேயர்’ வரிசையின் ‘முகன் ட்ரெய்ன்’ (2020) படத்துக்கு ஜப்பானில் ‘பிஜி 12’: பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கவனிக்கட்டும் என்று பொருள். அதே படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’. 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. பிரிட்டனில் 15 வயது. படம் ஒன்றுதான், அளக்கிற கை நாட்டுக்கு நாடு வேறு. நம் வீட்டுப் பிள்ளைக்கு எது தாங்கும் என்பதை டோக்கியோவிலோ மும்பையிலோ இருக்கிற குழு அறியாது.

ரத்தம் தெறிக்கும் படத்தைப் பார்த்தால் எச்சரிக்கையாகிவிடுகிறோம். எனக்கு அதைவிடக் கவலை, ரத்தமே இல்லாத படங்களைப் பற்றி. நவோகோ யமடா இயக்கிய ‘எ சைலன்ட் வாய்ஸ்’ (2016) படத்தை எடுத்துக்கொள்வோம். பார்த்தால் பள்ளிக்கூடக் கதை. காது கேளாத சிறுமி ஒருத்தி புதிதாக வகுப்புக்கு வருகிறாள். ஒரு பையன் அவளைக் கேலி செய்கிறான், காதுக் கருவியைப் பிடுங்கி எறிகிறான். பின்னால் வகுப்பே அவனை ஒதுக்குகிறது. படம் தொடங்குவதே அவன் பெரியவனானபின்: நாட்காட்டித் தாள்களைக் கிழித்துவிட்டு, பொருள்களை விற்று, அந்தப் பணத்தைத் தூங்கும் அம்மாவின் அருகில் வைத்துவிட்டு, உயிரை விடப் பாலத்துக்குப் போகிறான். திரும்பி வந்தவனிடம் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா அதைப் பற்றிக் கேட்கிறாள். இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்லும்வரை விடாமல், அந்த நோட்டுக்கட்டைக் கொளுத்தப் போவதாக மிரட்டுகிறாள். கடைசியில் அது எரிந்தே போகிறது. பின்பாதியில் அந்தப் பெண்ணும் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

மிக நல்ல படம் இது. கேலி செய்தவனையும் செய்யப்பட்டவளையும் இவ்வளவு நிதானமாகப் பார்த்த படம் குறைவு. பதின்வயதுப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் தேர்வில் மதிப்பெண் குறைந்து, யாரிடமும் பேசாமல் அறைக்குள் கிடக்கும் பிள்ளை இதைத் தனியாக, ராத்திரி, காதில் ஹெட்போனோடு பார்க்கக் கூடாது. கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். பேச்சில் கலக்கம் தெரிந்தால் டெலிமானஸ் எண் 14416, தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண் 104 இரண்டும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில ஜப்பானிய அனிமேஷன் படங்களில் பள்ளிச் சீருடைப் பெண்களை உடலாக மட்டுமே காட்டி அதை நகைச்சுவையாக்கும் பழக்கம் இருக்கிறது. இதைப் பையன்களிடம் வெட்கப்படாமல் பேசுவது அப்பாவின் வேலை.

பிள்ளை என்ன பார்க்கிறது என்று கவனிப்பது நம் ஊரில் கூடுதல் சிரமம். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் வேலை. அப்பா நைட் ஷிப்ட் போய்விட்டால், குவார்ட்டர்ஸில் பிள்ளையும் போனும்தான். 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஓடிடி தளங்கள் வயதுக் குறி போட வேண்டும், 13+ முதல் பெற்றோர் பூட்டு தர வேண்டும். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயது வரம்பு வையுங்கள். உங்கள் ப்ரொஃபைலுக்கு பின் எண் போடுங்கள். பிள்ளையின் பிறந்த தேதியையே பின் எண்ணாக வைக்காதீர்கள்.

பணம் கட்டாமல் திருட்டுத் தளங்களில் பார்க்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பூட்டும் இல்லை. அங்கே சூதாட்ட விளம்பரமும், வரைந்த ஆபாசப் படங்களும் ஒரு கிளிக் தள்ளியே இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவு, குழந்தைகளை ஆபாசமாகச் சித்திரிக்கும் டிஜிட்டல் படங்களைத் தேடுவதையும் இறக்குவதையும்கூடக் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. அப்படிப்பட்டவற்றைப் போனில் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்பதை, சென்னை வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று தெளிவாக்கியது. “வரைஞ்ச படம்தானே” என்ற சமாதானத்தை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

குறையிருந்தால் எங்கே போவது? வயதுக் குறி தவறாக இருக்கும் ஓடிடி படம் பற்றி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். பதினைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன 2021 விதிகள். அவற்றில் ஒரு பகுதிக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த ஆண்டே இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் பெரிய தளங்கள் புகார் வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘ஏ’ படத்துக்குச் சிறுவர்களை விடும் தியேட்டர் பற்றி, உரிமம் தரும் அதிகாரியான மாவட்ட ஆட்சியரிடம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். ரசிகர் குழு என்ற பெயரில் பிள்ளையிடம் யாரேனும் அதன் புகைப்படம் கேட்டால், உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம்.

போனைப் பிடுங்குவதால் பிள்ளை பார்ப்பதை நிறுத்தாது, நண்பன் போனில் பார்க்கும். ஷிப்ட் இல்லாத நாளில் ஒரு மாலையை ஒதுக்கி, “நீ பாக்குற படத்த எனக்கும் போட்டுக் காட்டு” என்று கேளுங்கள்.