ஒரு அலமாரி, ஆறு மெட்டீரியல்

2006ஆம் ஆண்டு ஐகியா நிறுவனத்தின் விலைப்பட்டியலில் 'பெர்டில்' என்ற மர நாற்காலியின் படம் வந்தது. அதைக் கேமரா எடுக்கவில்லை. முழுக்கக் கணினி வரைந்தது. 2014 வாக்கில் அந்நிறுவனம் வெளியிட்ட பொருட்படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி உருவானவை. இன்று நம் ஊரில் மாடுலர் கிச்சன் போடுகிறவர்களும் பிளைவுட் வந்திறங்கும் முன்பே சமையலறையைப் படமாகக் காட்டிவிடுகிறார்கள்.

அந்தப் படத்துக்கு அடியில் இருப்பது கேட் (CAD) மாடல், அதாவது கணினியில் அளவோடு வரைந்த முப்பரிமாண உருவம். அதற்கு நீளம், அகலம், உயரம் தெரியும். தேக்கு எது, எவர்சில்வர் எது என்று தெரியாது. வண்ணம் தீட்டாத கொலு பொம்மைபோல வெளிறி நிற்கும். பொம்மைக்கு வண்ணம் போதும். கணினிக்கோ, ஒளி வந்து விழுந்தால் இந்தப் பரப்பு என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புகளின் தொகுப்புதான் மெட்டீரியல்.

அதில் முக்கியமானவை மூன்று: அடிப்படை நிறம், சொரசொரப்பு, உலோகமா இல்லையா என்பது. சொரசொரப்பு 0 என்றால் கண்ணாடிப் பளபளப்பு, 1 என்றால் சுண்ணாம்புச் சுவர். டிஸ்னியின் பிரென்ட் பர்லி 2012இல் வெளியிட்ட முறையை ஒட்டியே இன்றைய மென்பொருள்கள் பலவும் இந்த அளவுகளை வைத்திருக்கின்றன. வார்னிஷ் அடித்த மரம், பிளாஸ்டிக் போன்றவை நேராகப் பார்க்கும்போது சுமார் 4% ஒளியைத்தான் பளபளப்பாகத் திருப்பும். சாய்ந்து பார்க்கப் பார்க்க அது ஏறும். கிரானைட் மேடையின் மட்டத்துக்குக் குனிந்தால் எதிர்ச் சன்னல் அதில் தெரிவது இதனால்தான்.

சமையலறையின் கீழ் அலமாரியை எடுத்துக்கொள்வோம். வெளிக்கதவில் மைக்கா, உள்ளே வெள்ளை லேமினேட், ஓரத்தில் பிவிசி பட்டை, எஃகுக் கைப்பிடி, மேலே கிரானைட், அடியில் கறுப்பு ஸ்கர்ட்டிங். ஆறையும் ஒரே கட்டியாக வரைந்துவிட்டு வாளி போன்ற கருவியால் நிறத்தை ஊற்றினால், கைப்பிடிகூட மைக்காவாகிவிடும். பிரிக்க இரண்டு வழிகள். ஒவ்வொன்றையும் தனி உறுப்பாக வரையலாம். அல்லது ஒரே உருவத்தின் பரப்புகளுக்கு எண் கொடுத்து, எண்ணுக்கு ஒரு மெட்டீரியல் தரலாம். 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளில் இதற்கு 'மல்டி/சப்-ஆப்ஜெக்ட்' என்று பெயர், பிளெண்டரில் 'ஸ்லாட்'. எதை எப்போது என்று குழம்பினால் தச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தனியாக அறுத்துப் பூட்டுவது தனி உறுப்பு. அவர் மேலே ஒட்டுவது எண் கொடுத்த பரப்பு. நான் இந்தக் கணக்கை விட்டு விலகியபோதெல்லாம் மாடலைத் திரும்பப் பிரிக்க வேண்டி வந்திருக்கிறது.

ஸ்கெட்ச்அப் மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. பத்து நாற்காலிகள், ஒரே மரச்சட்டம், மெத்தை மட்டும் வேறு வேறு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலியைக் காம்பொனென்ட் (பிரதிகள் எல்லாம் ஒரே வடிவத்தைப் பகிரும் தொகுப்பு) ஆக்கி, உள்ளே நுழைந்து மரத்துக்கு மட்டும் மெட்டீரியல் கொடுத்து, மெத்தையை வெறுமையாக விட்டு, பிரதிகள் எடுக்க வேண்டும். பிறகு ஒரு பிரதியின்மேல் வெளியிலிருந்து நீலம் ஊற்றினால் அது வெறுமையாக இருந்த பரப்பில் மட்டுமே பிடிக்கும். மரம் மரமாகவே இருக்கும். அடுத்த நாற்காலிக்குப் பச்சை. வடிவத்தைத் திருத்தினால் பத்தும் திருந்தும், நிறங்கள் மாறாது.

மரத்துக்கு வெறும் நிறம் போதாது, மரத்தின் படத்தையே பரப்பில் போர்த்துவோம். அதில் இன்னொரு கவனம் வேண்டும். வளைந்த பரப்பின்மேல் படத்தைப் போர்த்தும் வித்தையை எட்வின் கேட்மல் 1974இலேயே யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் காட்டிவிட்டார். ஆனால் மர ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மேசைக் காலில் ரேகை மேலிருந்து கீழாக ஓடும், குறுக்குச் சட்டத்தில் பக்கவாட்டில் ஓடும். இரண்டிலும் ஒரே திசையில் ஓடவிட்டால் மேசை முழுவதும் ஒரே கட்டையில் குடைந்ததுபோல ஆகிவிடும். அளவும் அப்படித்தான்: 60 செ.மீ. டைலின் படம் 60 செ.மீ. பரப்பில்தான் விரிய வேண்டும்.

எல்லாம் கொடுத்தபிறகும் படம் பொய்யாகத் தோன்றினால், இரண்டு பொருள்கள் சேரும் இடங்களைப் பாருங்கள். கேட் மாடலில் விளிம்புகள் கத்தி முனையாக இருக்கும். உண்மையான மேடையின் விளிம்பு ஓரிரு மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும், அங்கே மெல்லிய ஒளிக்கோடு ஓடும். அடுத்தடுத்த கதவுகளுக்கு நடுவே தச்சர் சுமார் 3 மி.மீ. இடைவெளி விடுவார். அதையும் வரைந்தால் அங்கே ஒரு இருட்டுக்கோடு விழும், கதவு திறக்கும் என்று கண் நம்பும்.