மூக்குத்திக்குள் வெட்டவெளி

பாட்டியின் மூக்கில் மினுங்கும் அந்தத் தங்கப் பொட்டை எத்தனை முறை பார்த்திருப்போம்! எத்தனை பவுன் என்று கேட்டிருப்போம், யார் செய்து போட்டது என்றும் கேட்டிருப்போம். தங்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். 1909இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில், ஹான்ஸ் கைகரும் 20 வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்தார்கள். மெல்லிய உலோகத் தகடுகளின் மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சி, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் மின்மினிபோல் தோன்றி மறையும் பொறிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். தவம் என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தங்க ரேக்கின் மீது பட்ட துகள்களில் மிகப் பெரும்பாலானவை, அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் ஊடுருவிப் போயின. ஆயிரமாயிரத்தில் ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியது. அந்த ஒன்றை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. 1911இல் அதிலிருந்தே ரதர்ஃபோர்டு அணுக்கருவை உணர்ந்து சொன்னார்.

40 மீட்டர் அகலமுள்ள கோயில் பிராகாரம். அதன் நடுவே ஒரு கடுகு. தங்க அணுவும் அதன் கருவும் அப்படித்தான். அணுவின் எடையில் 99.9 சதவீதத்துக்கும் மேல் அந்தக் கடுகுக்குள் ஒடுங்கியிருக்கிறது. சுற்றியுள்ள பெருவெளியில், இன்ன இடம் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாதபடி, 79 எலக்ட்ரான்கள் பனிமூட்டமாய்ப் பரந்திருக்கின்றன. இத்தனை வெளியாலான திண்ணையில் நாம் உட்காருகிறோம், உள்ளே அமிழ்ந்துவிடுவதில்லை. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கலாகாது என்று 1925இல் இயற்பியலாளர் பவுலி கண்ட ஒழுங்கு நம்மைத் தாங்குகிறது.

இந்த வெளியைவிட என்னைக் கைகூப்ப வைப்பது அங்குள்ள சமன். கருவுக்குள் இருக்கும் புரோட்டான் எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமானது. குவார்க் எனும் நுண்துகள்கள் மூன்று கூடி உருவானது. இரண்டுக்குத் தலா மூன்றில் இரண்டு பங்கு நேர் மின்னூட்டம், ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு எதிர் மின்னூட்டம். எலக்ட்ரானுக்கோ உட்கூறு எதுவும் இதுவரை தென்படவில்லை. பிறப்பிலும் உருவிலும் சற்றும் ஒவ்வாத இந்த இருவரின் மின்னூட்டமும் அளவில் ஒன்றே. கோடி கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்கு நுணுகி ஆராய்ந்தும் வேறுபாடு காணப்படவில்லை. தராசின் இரு தட்டையும் இப்படிச் சமமாய்ப் பிடித்த கை எதுவோ! சிறிது கூடக்குறைய இருந்திருந்தால், பொருளெல்லாம் தன்னைத்தானே விலக்கிச் சிதறியிருக்கும். நாமோ சிறு ஏற்றத்தாழ்வுக்கே உறவை முறித்துக்கொள்கிறோம்.

தங்கத்தின் கருவுக்குள் 79 புரோட்டான்கள், ஒன்றையொன்று ஓயாமல் தள்ளிக்கொண்டே, நெருக்கியடித்து இருக்கின்றன. அவற்றைப் பிணைத்து வைக்கும் வலிய விசைக்குத் துணைநிற்பவை, மின்னூட்டமே இல்லாத 118 நியூட்ரான்கள். எந்தப் பக்கமும் சாயாத இந்த அமைதியான துகளை, மின்புலத்தின் இழுப்புக்கும் அசையாததாலோ என்னவோ, 1932இல்தான் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்தார். கருவைவிட்டுத் தனியே வந்த நியூட்ரானின் சராசரி ஆயுள் 15 நிமிடம்கூட இல்லை. புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும், கண்ணுக்கும் கருவிக்கும் எளிதில் சிக்காத இன்னொரு நுண்துகளாகவும் சிதைந்துவிடும். தங்கக் கருவின் கூட்டத்துக்குள் இருக்கும்போதோ அதற்கு அழிவில்லை. பூமிக்கு வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். பூமியின் தங்கம் அதற்கும் முன்னால், விண்மீன்களின் பேரழிவில் பிறந்தது.

பாட்டியின் மூக்குத்தி ஒருநாள் பேத்திக்கு வருகிறது. கண்ணாடி முன் நின்று திருகாணியை முடுக்குகிறாள். உள்ளே, அணுவுக்கு 118 பேராக, அவை இன்னும் சேர்ந்தே இருக்கின்றன.