பொது நிறுவனங்களின் இணையத்தளங்கள்: கைவேலைக்கு முடிவு வேண்டும்

இணையத்தளம் ஒன்றை ஆரம்பிப்பது இன்று எவருக்கும் இயலுமான காரியமாகிவிட்டது. பிரதேச செயலகம், பிரதேச சபை ஆகியவற்றுடன் பள்ளிவாசல் நிர்வாக சபை, ஆலய பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் என்பனவும் இன்று தமக்கெனத் தளங்களை வைத்திருக்கின்றன. ஆரம்ப விழாவுக்கு அளிக்கப்படும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் அதன்பின் அத்தளம் நாளாந்தம் எவ்வாறு திருத்தப்படுகின்றது என்பதற்கு அளிக்கப்படுவதில்லை. அலுவலகக் கணினியில் திருத்தப்பட்ட ஒரு பக்கம், பொதுமக்கள் பார்வையிடும் சேர்வர் கணினியைச் சென்றடையும் அந்தக் குறுகிய பாதையைப் பற்றியதே இக்கட்டுரை. பார்வைக்கு இது தொழில்நுட்பவியலாளர்களின் உள்வீட்டு விவகாரம் போலத் தோன்றும். தமிழில் மட்டும் வாசிக்கும் ஒருவருக்கு அது அவ்வாறானதன்று.

குண்டசாலையை எடுத்துக்கொள்வோம். மகாவலிக் கரையில், கண்டி நகரை அண்மித்து, சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் பிரதேசம் இது. 2018 மார்ச்சில் வன்செயல்கள் வெடித்த திகன இப்பகுதியிலேயே உள்ளது. அவ்வேளை வதந்திகளின் பரவலைக் காரணங்காட்டி அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு வார காலமளவில் முடக்கியது. அத்தகைய நாட்களில் உத்தியோகபூர்வ அறிவித்தல் ஒன்று தன் மொழியில் கிடைக்குமா என்று தேடுபவனுக்கு எஞ்சியிருப்பது அரச இணையத்தளங்கள்தாம். 2025 நவம்பர் இறுதியில் ‘தித்வா’ சூறாவளி நாட்டைத் தாக்கியபோது கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது.

இத்தகைய குறைபாடுகளுக்கு மனமின்மை ஒரு காரணமாயிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை இன்னொன்று. ஆனால் மூன்றாவது காரணமொன்றும் உண்டு. நிவாரண விண்ணப்பத்துக்கான இறுதித் திகதி இரு வாரங்களால் நீடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தியோகத்தர் சிங்களப் பக்கத்தைத் திறந்து திகதியை மாற்றுகிறார், சேர்வருக்கு ஏற்றுகிறார், தொலைபேசி அழைக்கிறது, எழுந்து செல்கிறார். தமிழ்ப் பக்கத்தில் பழைய திகதி அப்படியே நிற்கிறது. காலம் கடந்துவிட்டதென எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் குடும்பம் முறைப்பாடு செய்யவும் வராது. ஏனெனில் தாம் இழந்ததே அதற்குத் தெரியாது. குண்டசாலையில் இவ்வாறு நிகழ்ந்ததென நாம் கூறவில்லை. கைவேலையாகக் கோப்புகள் பிரதி செய்யப்படும் எந்த அலுவலகத்திலும் இது நிகழக்கூடியதே.

கைவேலை எத்தகைய விலையைக் கோரக்கூடும் என்பதற்கு அமெரிக்கப் பங்குச்சந்தையில் பிரபலமான ஓர் உதாரணம் இருக்கிறது. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி நைட் கெப்பிட்டல் என்ற நிறுவனம் தனது புதிய மென்பொருளை இயங்கச் செய்தது. அந்நிறுவனத்தின் எட்டு சேர்வர்களிலும் புதிய பிரதி நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஏழில் நிறுவிய ஊழியர் எட்டாவதைத் தவறவிட்டிருந்தார். சரிபார்க்க இரண்டாம் ஆள் இருக்கவில்லை. எட்டாவதில் பல வருடங்களாக உறங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் நட்டம் 44 கோடி டொலரைத் தாண்டியது. ஏழு கோப்புகள் போய்ச் சேர்ந்து எட்டாவது விடுபடுவதும், இரு மொழிகள் போய்ச் சேர்ந்து மூன்றாவது விடுபடுவதும் இயல்பில் ஒரே பிழைதான்.

கைவேலையின் பழைய கருவி எப்.டி.பி. எனப்படும் கோப்பு அனுப்பும் முறையாகும். இதன் முதல் வரைவை 1971இல் எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண் என்ற இந்தியர் என்பது பலர் அறியாத செய்தி. அக்காலத்துக்கு அது அரிய சாதனை. ஆனால் அதில் கடவுச்சொல் மறைகுறியின்றித் திறந்த கடிதமாகவே பயணம் செய்கிறது. யார் எதை எப்போது ஏற்றினார், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்ற வரலாற்றையும் அது பேணுவதில்லை. புதியது பழையதன் மேல் விழுந்து அதனை அழித்துவிடும்.

வரலாற்றைப் பேணுவதற்கென்றே உருவானதுதான் பதிப்புக் கட்டுப்பாடு. இவ்வகையில் இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய ‘கிட்’ என்னும் இலவச மென்பொருள். எந்தக் கோப்பின் எந்த வரி, யாரால், எப்போது, என்ன காரணத்துக்காக மாற்றப்பட்டது என்பது அதில் ஒவ்வொரு முறையும் பதிவாகும். பதிவுகள் அடங்கிய இடத்தைக் களஞ்சியம் என்போம். உறுதிக்காணிப் பதிவேட்டைப் போன்றது அது; பழைய உரிமையாளரின் பெயரைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதியவரின் பெயரை எழுத முடியாது, அடுத்த வரியில்தான் எழுத வேண்டும். களஞ்சியத்தில் வரைவுக்கு ஒரு கிளையும் அங்கீகரிக்கப்பட்ட உரைக்கு இன்னொரு கிளையும் வைக்கலாம். எழுதுபவர் வரைவில் எழுதுவார். பொறுப்பான அதிகாரி பார்த்து அங்கீகரித்தால் மாத்திரமே அது பிரதான கிளையில் சேரும். அங்கிருந்து சேர்வருக்குச் செல்லும் வேலையை மனிதக் கை செய்யாமல் ஒரு சிறு நிரல் செய்ய வேண்டும். இக்கட்டுரை வலியுறுத்துவது இந்த இறுதிக் கட்டத்தையே.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. பொது நிறுவனங்களின் சேர்வர்கள் தாராளமாகத் திறந்துவிடப்படுவனவல்ல. அரச மேகக் கணிமையிலோ, மாத வாடகைக்குப் பலர் பகிர்ந்துகொள்ளும் சேர்வரிலோ ஒரு மூலை மாத்திரமே தரப்படும். விரும்பிய மென்பொருளை அங்கே நிறுவ முடியாது. வெளியிலிருந்து வரும் தொடர்புகள் பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக் கருதிய இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. அதைத் தளர்த்துமாறு கேட்பதற்குப் பதிலாக, அதற்குள் அடங்கக்கூடிய ஒரு வாசலைக் கேட்பதே முறை.

கண்டி இராச்சியத்துக்கு இந்த விடயம் புதியதன்று. இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில், 1660 முதல் 1679 வரை ஏறத்தாழ இருபது வருடங்கள் இங்கு சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் மலைப்பாதைகளில் அமைந்திருந்த முட்கதவுகளை விபரிக்கிறார். அரசவையிலிருந்து பெற்ற களிமண் முத்திரை இல்லாமல் எவரும் அவற்றைக் கடக்க இயலாது. அம்முத்திரையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. போர்வீரனுக்கு ஈட்டி ஏந்திய மனிதன், சுமைகூலிக்குக் காவடித்தடியில் மூட்டைகள் தொங்கும் மனிதன், வெள்ளையனுக்கு வாளும் தொப்பியும் தரித்த மனிதன் என உருவங்கள் வேறுபட்டன. கூலியாளின் முத்திரையைக் காட்டிப் போர்வீரன் போக முடியாது. (‘குண்டசாலை அரசன்’ எனப் பெயர் பெற்ற வீர நரேந்திரசிங்கன் ஆட்சிக்கு வந்தது இதற்குப் பிற்பட்டு, 1707இல்.)

இன்றைய சேர்வர்களுக்கான மறைகுறித் திறப்புகளிலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். எஸ்.எஸ்.எச். எனப்படும் பாதுகாப்பான தொடர்பில், சேர்வர் தன்னிடமுள்ள அனுமதிப் பட்டியலில் ஒவ்வொரு திறப்புக்கும் எதிரே அது எந்த ஒரேயொரு கட்டளையை நிறைவேற்றலாம் என்பதை எழுதிவைக்க இடமுண்டு. அத்திறப்புடன் வருபவர் எதைக் கேட்டாலும் அந்தக் கட்டளை மாத்திரமே இயங்கும். எந்த முகவரியிலிருந்து வர வேண்டும் என்பதையும் வரையறுக்கலாம். இத்தகைய திறப்பு களவு போனாலும், திருடனால் சேர்வருக்குள் உலாவ இயலாது. எல்லாக் கதவுகளையும் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதுடன் இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளியிலிருந்து எவரையும் அனுமதியோம் என்று சேர்வர் நிர்வாகி கூறினால், அதற்கும் வழி உண்டு. எமது கருத்தில் அதுவே மேலானது. களஞ்சியம் சேர்வரின் கதவைத் தட்டுவதற்குப் பதிலாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேர்வரே வெளியே சென்று களஞ்சியத்தை விசாரிக்கும். புதிய அங்கீகாரம் உண்டெனில் எடுத்துவரும். இல்லையெனில் வெறுங்கையுடன் திரும்பும். அதனிடம் உள்ள திறப்பு வாசிக்க மட்டுமே உதவும். களஞ்சியத்தில் எழுத உதவாது. உள்வாசல் எதுவும் திறக்கப்படுவதில்லை. ஐந்து நிமிடத் தாமதம் பெரும்பாலான அறிவித்தல்களுக்குப் பொருட்டன்று.

எடுத்துவந்ததை நேரடியாகப் பழைய பக்கங்களின் மேல் கொட்டக் கூடாது. ஒவ்வொரு பதிப்பும் தனிக் கோப்புறையில் இறக்கப்பட வேண்டும். யாவும் முழுமையாக வந்துள்ளதைச் சரிபார்த்த பின்னர், பொதுமக்களை வழிநடத்தும் கைகாட்டியைப் பழைய கோப்புறையிலிருந்து புதியதை நோக்கித் திருப்பினால் போதும். ஒரு கணத்தில் மாற்றம் நிகழும். பாதி பழையதும் பாதி புதியதுமாகத் தளம் காட்சியளிக்காது. பிழை தெரியவந்தால் கைகாட்டியை மீண்டும் பின்னோக்கித் திருப்பலாம்.

கைகாட்டியைத் திருப்புவதற்கு முன் செய்யப்படும் அந்தச் சரிபார்ப்பில்தான் எமது மொழிக்கான பாதுகாப்பு அடங்கியுள்ளது. ஒவ்வோர் அறிவித்தலுக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று கோப்புகள் உண்டு. சிங்களக் கோப்பு மாறித் தமிழ்க் கோப்பு மாறவில்லையெனில், நிரல் வெளியீட்டை நிறுத்தி, விடுபட்டது எது என அதிகாரிக்குத் தெரிவிக்கும். இதனை எழுத நல்ல மாணவனுக்கு ஒரு பிற்பகல் போதும். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாகியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழி ஏற்பாடுகளை விரிவாக்கியது. சட்டப் புத்தகத்தில் இருப்பதை ஒரு சிறு நிரலில் எழுதிவைத்தால், எவரது ஞாபக மறதியும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. மண்சரிவு எச்சரிக்கையைத் தமிழ் வரும்வரை நிறுத்தி வைப்பதா? உயிராபத்தில் அவ்வாறு நிறுத்துவது பெருந்தவறு. அத்தகைய அறிவித்தல்களை அவசரம் எனக் குறித்து உடனே வெளியிட வேண்டும். ஆனால் நிரல் அதே கணத்தில் தமிழ்ப் பக்கத்தின் தலையில், ‘இவ்விடயத்தில் இன்ன நேரத்தில் அவசர அறிவித்தல் வெளியாகியுள்ளது, விபரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்’ என்ற தயார் வாசகத்தைத் தானாகவே இட வேண்டும். தமிழ்ப் பக்கம் காலாவதியானது என்பதையாவது தமிழில் சொல்லும் நாணயம் அதற்கு இருக்க வேண்டுமல்லவா?

இந்த ஏற்பாடு சகல நோய்க்கும் மருந்தன்று. 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளம் அடுத்தடுத்து ஊடுருவப்பட்டது. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்துவதை ஆட்சேபித்து அதில் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. இது தொடர்பில் கைதானவர்களில் ஒருவர், குண்டசாலையிலிருந்து வெகு தூரமல்லாத கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவர். இத்தகைய ஊடுருவலைக் களஞ்சியம் தடுக்காது. ஆனால் பக்கம் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டறியவும் தூய பிரதியைச் சில நிமிடங்களில் மீள நிறுத்தவும் உதவும். ஊடுருவிய ஓட்டையை அடைப்பது தனி வேலை.

அதனிலும் முக்கியமானது, களஞ்சியம் காப்புப் பிரதியின் இடத்தை நிரப்பாது என்பது. பொதுமக்கள் அனுப்பிய விண்ணப்பங்கள், மின்னஞ்சல்கள், தரவுத்தளம் என்பன அதில் இருப்பதில்லை. 2023 ஓகஸ்ட் 26இல் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று இலங்கை அரச மேகக் கணிமையின் மின்னஞ்சல் முறைமையைத் தாக்கியது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டதால், மே 17 முதல் அன்றுவரையிலான மின்னஞ்சல்களைச் சுமார் 5,000 அரச முகவரிகள் இழந்தன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். இணைப்பிலிருந்து முற்றாகத் துண்டித்த பிரதியொன்றை வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி அன்று பெரும் விலைக்குக் கற்கப்பட்டது.

கடவுச்சொற்களையும் திறப்புகளையும் களஞ்சியத்துக்குள் எழுதிவைப்பது இன்னொரு பொறி. வரலாற்றைப் பேணும் முறை என்பதால், பின்னர் அழித்தாலும் அவை பழைய பதிவுகளில் கிடக்கும். 2023 மார்ச்சில் கிட்ஹப் நிறுவனமே தனது இரகசியத் திறப்பொன்று பகிரங்கக் களஞ்சியத்தில் சற்று நேரம் வெளிப்பட்டதால் அதனை மாற்ற நேர்ந்தது. களஞ்சியத்தின் உட்கோப்புறையை இணையத்தளத்தின் பொது வெளியில் விட்டுவிடும் வழக்கமும் பல தளங்களில் உண்டு. முகவரியை ஊகித்த எவரும் முழு வரலாற்றையும் இறக்கிக்கொள்ளலாம். கைகாட்டி முறையில் அக்கோப்புறையைப் பொது வெளிக்குப் புறத்தே வைப்பது இலகு.

இனி, செலவும் ஆளும். மென்பொருட்கள் இலவசம்; நிரல் ஒருமுறை எழுதப்படுவது. எமது ஊர்ச் சங்கங்களில் இவ்வேலையைப் பெரும்பாலும் கணினி படித்த ஓர் இளைஞர்தான் ஊதியமின்றிச் செய்து வருவார். அவருக்குக் கட்டாரிலோ துபாயிலோ வேலை கிடைக்கும். நிர்வாகக் கடவுச்சொல்லும் அவருடனேயே விமானம் ஏறும். ஆளுக்கொரு திறப்பு என்ற ஏற்பாடு இருந்தால், புறப்படும் நாளன்று அனுமதிப் பட்டியலிலிருந்து அவருடைய ஒரு வரியை நீக்கி, அடுத்தவரின் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். நிரல் எவ்வாறு இயங்குகிறது என்ற குறிப்பைத் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டுப் போகும்படி அவரிடம் கேட்க வேண்டியது நிர்வாக சபையின் பொறுப்பு.