இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

பவுர்ணமி என்றால் திருவண்ணாமலைக்கு உறக்கம் கிடையாது. மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் பாதை. பாதை முழுவதும் மனிதத் தலைகள்தான் தெரியும்!

அந்தப் பாதை 2 ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது.

காரணம், கொரோனா.

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் கிரிவலத்துக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, 2,668 அடி உயர மலை உச்சியில் கார்த்திகை தீபம் வழக்கம்போல் எரிந்தது. ஆனால், சுற்றி வரக் கூட்டம் இல்லை. 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதம்தான் பவுர்ணமி கிரிவலத்துக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

தினமும் ஓர் அறிக்கை

கொரோனா பரவிய நாட்களில், தமிழக சுகாதாரத் துறை தினமும் ஓர் அறிக்கை வெளியிட்டது. எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். இறந்தவர்களுக்கு வேறு என்ன நோய் இருந்தது என்றும் எழுதியிருக்கும்.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு. இந்த இரண்டு பெயர்களும் அதில் திரும்பத் திரும்ப வந்தன.

கொதிப்பு உள்ளவர்கள் இருந்த வீடுகளில் எல்லாம் பயம் குடிபுகுந்தது.

கொதிப்பது எது?

இரத்தக் கொதிப்பு என்றால் இரத்தம் உலைநீர்போல் கொதிப்பது அல்ல. இதயம் இரத்தத்தை அழுத்தி அனுப்புகிறது. அந்த இரத்தம் குழாயின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம் அளவுக்கு மீறிப்போவதுதான் இரத்தக் கொதிப்பு.

120-க்கு 80 என்று இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நோய்.

இந்த நோய் சத்தம் போடாது. வலி இருக்காது. ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்துகொண்டு இதயத்தையும், சிறுநீரகத்தையும், மூளையையும் கெடுக்கும்.

கொரோனா நுரையீரலோடு நிற்பது இல்லை. இரத்தத்தை உறைய வைக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை ஏற்றுகிறது. ஏற்கனவே தளர்ந்துபோன உறுப்புகள் அந்தச் சுமையைத் தாங்குமா?

ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. கொதிப்பு உள்ளவர்களில் பலர் வயதானவர்கள். பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கும். முதுமை, இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை நோய் ஆகியவையே பெரிய ஆபத்துகள். கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் கதிகலங்க வேண்டியது இல்லை.

மாத்திரை மீது சந்தேகம்

2020-ம் ஆண்டு ஒரு சந்தேகம் உலகம் எங்கும் பரவியது.

நமது உடலின் அணுக்களில் "ஏ.சி.இ.-2" என்று ஒரு புரதம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் கொரோனா கிருமி உள்ளே நுழைகிறது. கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் அந்தப் புரதத்தை அதிகமாக்கி, கிருமிக்குக் கதவு திறந்து விடுமோ என்று சிலர் அஞ்சினார்கள்.

"அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்" என்றார்கள் இதய நோய் நிபுணர்கள்.

பிரேசில் நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வகை மாத்திரை சாப்பிட்டு வந்த 659 கொரோனா நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 30 நாள் மாத்திரை நிறுத்தம். மறு பிரிவுக்கு வழக்கம்போல் மாத்திரை.

2021-ம் ஆண்டு ஜனவரியில் முடிவு வெளிவந்தது. மாத்திரையை நிறுத்தியதால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை!

மாத்திரையைத் திடீரென்று விட்டால் கொதிப்பு ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கும் ஆபத்தில் விழுவதா?

மூன்றில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ம் ஆண்டு வெளியானது. வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 35 பேருக்குக் கொதிப்பு இருப்பதாக அது கூறுகிறது. அதாவது, மூன்று பேரில் ஒருவர்! நோய் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருவது இந்தத் திட்டத்தில்தான்.

என்ன செய்வது?

* 30 வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கொதிப்பை அளந்து பாருங்கள்.

* ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் ஆகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

* மாதம் ஒரு தடவை 14 கிலோ மீட்டர் நடந்தால் மட்டும் போதாது. தினமும் அரை மணி நேரம் நடப்பதே மருந்து.

* கிரிவலம் வருபவர்கள் மாத்திரையை மடியில் முடிந்துகொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். காய்ச்சலும் இருமலும் இருந்தால் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

"இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், மாத்திரை எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறீர்கள். கூட்டுவதோ, குறைப்பதோ, நிறுத்துவதோ டாக்டரின் வேலை!