மெதடிஸ்த ஆலயத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நம்மவர் சிலர், "சைவக்காரர் உள்ளே போகலாமோ?" என்று மெதடிஸ்த ஆலய வாசலில் தயங்குகிறார்கள். தாராளமாகப் போகலாம். 1814 இல் இலங்கைக்கு வந்து, பின்னர் யாழ் மத்திய கல்லூரியையும் வேம்படியையும் தொடங்கிய சபைதான் இது.

ஞாயிறு ஆராதனை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பாட்டுக்கு எல்லோரும் எழும்புவார்கள், செபத்துக்கு இருப்பார்கள். நாங்களும் பார்த்துப் பார்த்தே பழகினோம். காணிக்கைத் தட்டு வந்தால் காசு போடாமலே அடுத்தவரிடம் கொடுக்கலாம். திருவிருந்தில் மது இல்லை, திராட்சைச் சாறுதான். விரும்பாதவர் எழும்பிப் போகத் தேவையில்லை.

முடிந்ததும் தேநீர் தருவார்கள். உடனே வெளிக்கிட்டு விடாதீர்கள். பிள்ளைகளின் பாடசாலை, வைத்தியரிடம் பதிவு, விளங்காத கடிதம் என்று நாங்கள் துணிந்து வாய் திறந்து கேட்டது அந்த மேசையில்தான். வீட்டில் தனித்திருக்கும் வயோதிபரையும் கூட்டிச் செல்லுங்கள்.